பாட்டுப் போடாத ஃபைல்

இந்த வடிவத்தை ஆதரிக்க இயலாது என்கிறது டிவி. காலையிலிருந்து அதையேதான் சொல்கிறது, சாம்பல் பெட்டிக்குள் வெள்ளை எழுத்தில், ரொம்ப மரியாதையாக, கவுண்டரை மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து முறுக்குத் தின்கிற பெண் சொல்வாளே அந்த மாதிரி. உன்னுடைய ஆதரவை யார் கேட்டது, ஓடு என்றால் ஓட வேண்டியதுதானே. பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜைமேல் இருக்கிற லேப்டாப்பில் செருகினேன். இது நிரஞ்சனுடைய பழைய லேப்டாப். என் மகனுக்கு வேண்டாதது எல்லாம் பெங்களூரிலிருந்து ஈரோட்டுக்கு வந்து சேரும், பை, ஷூ, உடற்பயிற்சி செய்கிற ரப்பர் பட்டை, கடைசியில் இது. இதில் படம் தெரியும், சத்தம் வராது. அவன் டீயைக் கொட்டி ஸ்பீக்கரைக் கொன்ற பிறகுதான் அம்மாவுக்கு லேப்டாப் தர வேண்டுமென்ற பாசம் வந்தது. ஹெட்போன் செருகுகிற ஓட்டைக்குள்ளும் அதே டீதான். எனக்குப் படம் வேண்டியதில்லை, படம் இந்த வீட்டில் சுவருக்குச் சுவர் இருக்கிறது, ஹாலில் சந்தன மாலைக்குள் இருந்துகொண்டு நான் துடைக்கிறேனா இல்லையா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். எனக்கு வேண்டியது சத்தம். ரத்தினவேல் என்கிற என் வீட்டுக்காரர் பேசுகிற சத்தம். டிவிக்குப் புரிகிற மாதிரி ஃபைலை மாற்றுவதற்கு ஒரு இலவச சாஃப்ட்வேரை இறக்கி, அது நடுத்திரையில் தன் பெயரை முத்திரை குத்துவேன் என்று அடம்பிடித்து, அதைத் தூக்கி எறிந்து, இன்னொன்றை இறக்கி, இப்போதுதான் பச்சைக் கோடு நகர ஆரம்பித்திருக்கிறது. நகர்கிறது என்று சொல்வதே அதற்குக் கொடுக்கிற மரியாதை.

போன தையில் போனார். அடுத்த தை வருவதற்குள் இப்படி ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்னென்னவோ சொன்னார்கள், உப்பைக் குறை, ஒரு கோயிலுக்குப் போய் வா, சீரியல் பார். குரல்தான் முதலில் போகும் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. முகம் போகவில்லை, நடை போகவில்லை, குளித்துவிட்டு வந்தால் கழுத்துக்குப் பின்னால் தேங்காய் எண்ணெயும் விபூதியும் கலந்து வீசுமே அந்த வாசனைகூட அலமாரியைத் திறந்தால் இருக்கிறது. என்ன பேசினார் என்பதும் இருக்கிறது, ஒரு வார்த்தை விடாமல். ஆனால் அந்த வார்த்தைகளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தால் அவர் பேசவில்லை, நான் பேசுகிறேன். 'அம்மிணி, மோட்டார் போட்டயா' என்று அவர் கேட்டது என் குரலில் கேட்கிறது. என் குரலாவது பரவாயில்லை, இந்த வீட்டில் அது எப்போதும் ஓடிக்கொண்டிருந்ததுதான். ஆவணி மாதத்திலிருந்து அது செங்கோட்டுவேல் குரலாக மாறுகிறது. செங்கோட்டுவேல் என் கொழுந்தனார், இவருக்கு ஒரே தம்பி, கோபியில் இருக்கிறார். நல்ல மனுஷன். ரெண்டு நாளைக்கு ஒரு தரம் போன் பண்ணுவார், அண்ணி என்று கூப்பிடாமல் ஊர் வழக்கப்படி நங்கையா என்றுதான் கூப்பிடுவார். முதலில் எனக்கே அது ஆறுதலாக இருந்தது, அண்ணனும் தம்பியும் ஒரே குரல் என்று சாவு வீட்டில் எல்லாரும் சொன்னார்களே, அதனால். பிறகு ஒருநாள் மோட்டார் போட்டயா என்று மனசுக்குள் கேட்டது, அங்கேயே திரும்பிப் பார்த்தால் இவர் இல்லை, தம்பி நிற்கிறார். கையிலிருந்த தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அன்றைக்கிலிருந்து அவர் போனை எடுப்பதில்லை. பாவம், அவர் என்ன நினைத்துக்கொண்டிருப்பார், எதையோ மனசில் வைத்துக்கொண்டு நங்கையா பேச மாட்டேன் என்கிறது என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும். எனக்கென்று இருக்கிறது அந்த ஒரு குரல், அதன்மேல் இன்னொருத்தர் வந்து உட்கார நான் விட முடியாது.

என் வீட்டுக்காரருடைய போனில் அந்தக் குரல் இருந்தது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. மின்வாரியத்தில் வேலை பார்த்தபோது காண்ட்ராக்டர்கள் பேச்சு மாற்றுகிறார்கள் என்று, வருகிற போகிற அழைப்பெல்லாம் தானாகப் பதிவாகிற மாதிரி வைத்திருந்தார். ரிட்டயரான பிறகும் அதை எடுக்கவில்லை. நானும் அவரும் பேசினது, பால்காரனோடு பேசினது, ராங் நம்பருக்குக்கூட ஊர் பெயரெல்லாம் விசாரித்துப் பேசினது, எல்லாம் அதில் இருந்தது. காரியம் முடிந்த கையோடு நிரஞ்சன் அதை ரீசெட் செய்து தெருமுனை வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டான், அப்பா கையால் ஒருத்தருக்கு உதவின மாதிரி இருக்கும் என்றான். போட்டோ எல்லாம் பேக்கப் எடுத்துட்டேன்மா என்றான். எடுத்திருக்கிறான். காலை வணக்கம் ரோஜாப்பூக்கள், காபிக் கோப்பைமேல் சூரியன் உதிக்கிற படங்கள், அத்தனையும் பத்திரமாக இருக்கிறது, என் பேரன் பேத்திக்கெல்லாம் போதும். அவனைத் திட்டவும் முடியவில்லை. பதிவு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது, ஆனால் நான் அன்றைக்குப் பாயில் சுருண்டு கிடந்தேன்.

அப்புறம்தான் கல்யாண டிவிடிகளில் தேட ஆரம்பித்தேன். நம் ஊரில் ஒரு ஆளைப் பற்றி வேறு எதுவும் இல்லாவிட்டாலும் அடுத்தவர் கல்யாண வீடியோவில் அவர் சோறு தின்கிற காட்சி இருக்கும். இவர் எல்லாக் கல்யாணத்திலும் இருந்தார், அதுவும் பந்தியில். மேடையில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளக் கூப்பிட்டால் காணாமல் போய்விடுவார், கீழே சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்தால் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இலை இலையாகப் போய் விசாரித்துக்கொண்டிருப்பார். எங்கள் பக்கத்தில் அது ஒரு வேலை. பரிமாறுகிறவன் பரிமாறுவான், ஆனால் வீட்டு ஆள் ஒருத்தர் நடந்து நடந்து ஒவ்வொருத்தரிடமும் குனிந்து கேட்க வேண்டும், இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்தும் சொல்லிக் காட்டுவார்கள். யார் வீட்டுக் கல்யாணமென்றாலும் ரத்தினவேலைப் பந்திக்குப் போடு என்பார்கள். பொறுமை உள்ள மனுஷன் என்று பெயர். பொறுமைக்கு என்ன, என்னோடு இருந்த பயிற்சிதான். டிவிடிகளைச் சொந்தக்காரர்களிடமிருந்து வாங்கி வந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். எல்லாவற்றிலும் இருக்கிறார், குனிகிறார், சிரிக்கிறார், வாய் அசைகிறது. சத்தத்துக்குப் பதில் சினிமாப் பாட்டு. ஒரு டிவிடியில் நாதஸ்வரம், இன்னொன்றில் புல்லாங்குழல், மற்ற எல்லாவற்றிலும் காதல் பாட்டு. சாம்பார் வாளிக்கும் வடைக்கும் காதல் பாட்டு எதற்கு என்று எந்தப் புண்ணியவானும் கேட்கவில்லை. ஒரு எடிட்டர் பந்தியில் இருக்கிறவர்களை எல்லாம் இதய வடிவத்துக்குள் அடைத்துச் சுழல விட்டிருக்கிறான், இவர் தலை அந்த இதயத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ரோஜா இதழாக உதிர்ந்துபோகிறது. அதைப் பார்த்து நான் சிரித்தேன். அப்புறம் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பச்சைக் கோடு பாதிக்கு வந்திருக்கிறது. குக்கரில் சாதம் இருக்கிறது, காலையிலேயே வைத்தது. ஒரு ஆளுக்கு அளந்து போட எனக்கு இன்னும் கை வரவில்லை, மீதியைத் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் வேலைக்காரம்மா எடுத்துப்போகும். இந்தக் கோடு முடியட்டும், பிறகு சாப்பிடலாம். கான்வென்ட்டில் தையல் வகுப்பெடுத்த சிஸ்டர் பெனிக்னா என்னைப் பார்த்து, கோகிலவாணி, உன்னை ஒரு இடத்தில் உட்கார வைக்க ஆண்டவர் பெரிய கஷ்டப்பட வேண்டும் என்பார்கள். உட்கார்ந்துவிட்டேன் சிஸ்டர், ஆண்டவர் கஷ்டப்பட்டது போதும். மத்தியான வெயிலில் தெரு காலியாகக் கிடக்கிறது, எதிர் வீட்டு ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் வருகிறது, அது நின்றால் ஃபேன் சத்தம், அதுவும் நின்றால் என்ன இருக்கும் என்று ஒருநாள் கரண்ட் போனபோது தெரிந்துகொண்டேன். இவர் இருந்தபோதும் வீடு இப்படித்தான் சத்தமில்லாமல் இருந்தது என்று சொல்லலாம். ஊராரிடம் அப்படிப் பேசுகிற மனுஷன் வீட்டுக்குள் வந்தால் ம் என்பார். தக்காளி விலை ஏறிவிட்டது, ம். உங்கள் தம்பி மருமகன் சரியில்லை, ம். நான் செத்தால் என்ன செய்வீர்கள், அதற்கும் ம். ஒரு ம்முக்கும் இன்னொரு ம்முக்கும் வித்தியாசம் இருந்தது, அது எனக்கு மட்டும்தான் தெரியும், இனிமேல் அதைத் தெரிந்துவைத்திருந்து என்ன செய்வது, யாரிடம் போய்ச் சொல்வது.

இந்த ஃபைல் செங்கோட்டுவேல் மகள் மிருதுளாவின் கல்யாணத்தில் எடுத்தது. எடிட் செய்த டிவிடி இல்லை, அதற்கு முந்தினது, கேமராவில் பதிந்தபடியே. கோபியில் அந்த ஸ்டுடியோவைத் தேடிப் போய்க் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், அக்கா, எடிட் பண்ணினதுதான் அழகா இருக்கும், இதுல ஒண்ணுமே இருக்காது, ஒரே கசகசன்னு சத்தமா இருக்கும் என்றார். அந்தக் கசகசவைக் கொடுங்கள் என்றேன். பாட்டு இல்லைங்க என்றார் மறுபடியும், ஏதோ உப்பில்லாத பண்டத்தை விற்க வெட்கப்படுகிறவர் மாதிரி. இதயம் சுழல விட்டது இவராகத்தான் இருக்க வேண்டும், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டார், இந்த ஒரு கல்யாணம் மட்டும் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றில் தப்பிக் கிடந்தது. அதிலும் பந்தி எடுத்தது ஒரே ஒரு ஃபைல். அதாவது என் புருஷன் பேசினது உலகத்தில் எங்கேயாவது மிச்சமிருக்கிறது என்றால் அது இந்தப் பென்டிரைவில்தான், அதுவும் அவர் கேமராப் பக்கத்தில் நின்று பேசியிருந்தால்தான், அதுவும் இந்தச் சனியன் பிடித்த டிவி சம்மதித்தால்தான்.

அந்தக் கல்யாணத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு. பெரியம்மாக்காரி என்று பெயர், ஆனால் என்னைக் கொண்டுபோய் வாசலில் தாம்பூலப் பை கொடுக்கிற மேஜையில் நிறுத்திவிட்டார்கள். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தேங்காயும் சிரிப்பும் கொடுத்துக் கொடுத்துக் கால் வீங்கிப்போயிற்று. முதல் பந்தி, இரண்டாம் பந்தி, எல்லாரும் பல் குத்திக்கொண்டு வெளியே வருகிறார்கள், ஒருத்தருக்காவது நீ சாப்பிட்டாயா என்று கேட்கத் தோன்றவில்லை. கடைசியில் நானே உள்ளே போனேன். மேஜையெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் ஒரே ஒரு இலை, அதில் எல்லாம் பரிமாறி, ஈ மொய்க்காமல் மேலே இன்னொரு இலையைக் கவிழ்த்து வைத்திருந்தது. யாரோ வரவேண்டியவர் வரவில்லை போலிருக்கிறது என்று நான் உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வரும்போது கார் பவானியைத் தாண்டுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன், உங்கள் தம்பி வீட்டில் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு நாதி இல்லை, யாருக்கோ போட்ட இலையில் உட்கார்ந்து தின்றுவிட்டு வருகிறேன் என்று. அவர் ம் என்றார். கியரை மாற்றினார்.

முடிந்தது. முடிந்தே விட்டது, டிங் என்றுகூடச் சத்தம் போட முடியாத லேப்டாப்பில் ஒரு பச்சை டிக் வந்து நிற்கிறது. பென்டிரைவை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓடினேன். டிவி யோசித்தது. சாம்பல் பெட்டி வரவில்லை. படம் வந்துவிட்டது, சாப்பாட்டுக் கூடம், நீல நாற்காலி, வாழை இலை வரிசை, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அதோ. அதோ, வருகிறார், ஒரு பெரியவர் பக்கத்தில் குனிகிறார், வாய் அசைகிறது. சத்தம் இல்லை. ரிமோட்டை அழுத்தினேன், நூறு வரைக்கும் ஏற்றினேன், வெறும் இரைச்சல்கூட இல்லை, பாட்டுகூட இல்லை. நான் டிவிக்கு அருகில் போய், கண்ணாடியில் காதை வைத்தேன். அந்த நேரத்தில் யாராவது ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள், நினைக்கட்டும். கடைக்காரர் சொன்ன கசகச எங்கே போயிற்று, அது கேமராவிலேயே இல்லையோ, ஒருவேளை இவர் குரல் எங்கேயுமே இல்லையோ, இனி செங்கோட்டுவேல் குரலில்தான் எனக்கு மீதி வாழ்க்கையோ என்று காதை எடுக்காமல் அப்படியே நின்றேன். நிரஞ்சனுக்குச் செய்தி அனுப்பினேன், படம் வருகிறது சத்தம் வரவில்லை என்று. மீட்டிங்கில் இருக்கிறானாம். அவன் மீட்டிங்கில் இல்லாத நேரத்தில் தூங்குகிறான். கொஞ்சம் கழித்துப் பதில் வந்தது, அம்மா, படத்தை மட்டும் மாத்தியிருக்க, ஆடியோவை அப்படியே காப்பின்னு விட்டிருக்க, அந்த ஆடியோ டைப் உன் டிவிக்குத் தெரியாது, ஆடியோவையும் மாத்து, லிஸ்ட்ல ரெண்டாவதா இருக்கும் பாரு. அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்படி என்னம்மா அவசரம், தீபாவளிக்கு வர்றப்ப நானே பண்ணித் தரேன் என்று கேட்டிருந்தான். எதற்கு என்று நான் அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வாட்ச்மேன் போன் ஞாபகம் வரும், பிள்ளை அதற்குப் பிறகு தூங்க மாட்டான்.

மறுபடி லேப்டாப். அதே பெயரில் ஒரு ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது, அதன்மேல் பதியட்டுமா என்று கேட்கிறது. வேண்டாம். எதன்மேலும் எதையும் பதிய வேண்டாம். பக்கத்தில் வேறு பெயரில் வை. கோடு மறுபடி ஆரம்பத்திலிருந்து கிளம்புகிறது. மேஜைமேல் போன் அதிர்கிறது, செங்கோட்டுவேல். ஒலிக்கட்டும். தொட்டால் சுடும் என்பது மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நின்றது. வீடியோவில் இவர் என்ன பேசியிருப்பார் அந்தப் பெரியவரிடம். உன் வீட்டுக்காரர் குரல் எப்படி இருக்கும் என்று சொல்லு பார்க்கலாம் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன், கான்வென்ட்டில் மனப்பாடப் பகுதி ஒப்பிக்கச் சொல்கிற மாதிரி. கனமான குரல். அடித்தொண்டை. கொஞ்சம் கரகரப்பு. சொல்லும்போதே தெரிந்தது, அது கொழுந்தனார் குரல், போனில் கேட்டது. அதை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன், கனமான குரல், அடித்தொண்டை. வேறு எதுவும் வரவில்லை. இவ்வளவு வருஷம் ஒரு வீட்டில் இருந்துவிட்டு ஒரு குரலை விவரிக்கச் சொன்னால் மூன்று வார்த்தை, அந்த மூன்றும் தப்பு. கோடு நகர்கிறது. ஏசித் தண்ணீர் சொட்டுகிறது. சாதத்தில் ஒரு கரண்டி தயிர் ஊற்றித் தின்றால் என்ன என்று தோன்றியது, எழுந்துபோக முடியவில்லை, நான் எழுந்தால் கோடு நின்றுவிடும் என்று ஒரு எண்ணம். பைத்தியம்தான். பார்த்துக்கொண்டே இருந்தால்தான் ஓடும், ஆஸ்பத்திரியில் இவர் தலைமாட்டில் ஓடின பச்சைக் கோட்டையும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், நர்ஸ் வந்து காபி குடித்துவிட்டு வாருங்கள் அம்மா என்றாள், போனேன். வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம். இங்கேயே இரு. இந்தக் கோட்டைப் பார்.

பச்சை டிக். இந்தத் தடவை ஓடவில்லை. மெதுவாகப் போய்ச் செருகிவிட்டு சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தேன், அவர் உட்காருகிற பக்கத்தில் இல்லை, என் பக்கத்தில். ரிமோட்டை அழுத்தியதும் வீடே அதிர்ந்தது. சத்தத்தை நூறில் விட்டிருந்தேன், மறந்துவிட்டேன். பாத்திரம் உருள்கிறது, குழந்தை வீறிடுகிறது, யாரோ ஒரு பெண், கேமராவ அக்கட்டால திருப்புப்பா, வாயில சோறு இருக்குது என்கிறாள், நாற்காலிகள் தரையைக் கீறுகின்றன. கடைக்காரர் சொன்ன கசகச, அப்படியே, முழுசாக. குறைக்கக் கை வரவில்லை. அதற்குள் அவர் வந்துவிட்டார், பெரியவர் பக்கத்தில் குனிந்தார். "ஏனுங், எலைல ஒண்ணுமே காணமுங், ரசஞ் சொல்லட்டுங்களா?" இது யார். இவ்வளவு மெலிசாகவா. மூக்கிலிருந்து வருகிறது, கடைசி எழுத்தை ஒரு இழுப்பு இழுத்து மேலே தூக்குகிறது, கனமும் இல்லை கரகரப்பும் இல்லை. ஒரு நிமிஷம் யாரோ வேற்று ஆள் என்று இருந்தது. அடுத்த இலையில், "போதும்னு சொல்லப்படாதுங்" என்றபோது உடம்புக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத் தெரிவதற்கு முன்னால். அந்த இழுப்பு. ஆமாம். அம்மிணி என்கிறபோது ணியில் ஒரு இழுப்பு இருக்குமே. இதை எப்படி மறந்தேன், இதை விட்டுவிட்டு எவன் குரலையோ காவல் காத்துக்கொண்டிருந்தேனே. இலை இலையாகப் போகிறார், ஒவ்வொரு இலைக்கும் ஒரே கேள்விதான், ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கேட்கிறார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, எவனெவனோ வாயில் வடையோடு தலையாட்டுகிறான். கேமரா திரும்பி யாருடைய வடையையோ பக்கத்தில் போய்க் காட்டிக்கொண்டு நிற்கிறது, அவர் படத்தில் இல்லை. சத்தம் மட்டும் பக்கத்திலிருந்து வருகிறது, பரிமாறுகிற ஆளிடம் மெல்லச் சொல்கிறார்.

"தம்பி, எங்கூட்ல இன்னும் சாப்புடலீங். வாசல்ல நிக்கறா. பசி தாங்க மாட்டா, பந்தி முடியறதுக்குள்ள அந்தச் செவுத்தோரமா ஒரு எலை போட்டு மூடி வெச்சுருங். நான் சொன்னன்னு சொல்ல வேண்டாம், கேட்டா நாலு வார்த்த சொல்லுவா."

அந்த ஆள் சிரிக்கிறான். அப்புறம் வடை. அப்புறம் குழந்தை. கேமரா நகர்ந்து அடுத்த வரிசைக்குப் போய்விட்டது, அங்கே வேறு யார் யாரோ. எங்கூட்ல என்று என்னைச் சொல்லக் கூடாது, எனக்குக் கோகிலவாணி என்று பெயர் இருக்கிறது, நான் என்ன கட்டடமா என்று கல்யாணமான புதிதில் சண்டை போட்டிருக்கிறேன். சொல்ல மாட்டேன் என்றார். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டுதான் திரிந்திருக்கிறார். திரும்ப ஓட்டினேன். வடை, மெலிசான குரல், மூடி வெச்சுருங். மறுபடி. பவானிப் பாலம், கியர், ம். அந்த ம் எந்த ம் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை, ஒவ்வொரு ம்மும் தெரியும் என்று பெருமை வேறு. ஒரு வார்த்தை, நான்தான் போடச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாலத்திலேயே வாயை மூடியிருப்பேனே. இல்லை. அதற்கும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், போட்டவர் வந்து ஒரு கூப்பிடு கூப்பிட்டால் என்ன என்று. மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது.

போன் மறுபடி அதிர்ந்தது. செங்கோட்டுவேல். டிவியை நிறுத்திவிட்டு எடுத்தேன். "நங்கையா, மத்தியானமே கூப்ட்டனுங், எத்தன நாளாச்சுங் நீங்க எடுத்து. சாப்ட்டாச்சுங்களா?" கனமான குரல், அடித்தொண்டை, கொஞ்சம் கரகரப்பு. ஒரு இழுப்பு இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே குரல் என்று சொன்னவர்கள் காதில் என்னத்தை வைத்துக்கொண்டிருந்தார்களோ, அதை நம்பின என்னையும் சேர்த்துத்தான். எதிரே திரையில் அந்த வடை அசையாமல் நிற்கிறது. எனக்குப் பசிப்பது அப்போதுதான் தெரிந்தது.

"இன்னும் இல்லீங்க" என்றேன். "எலை போட்டு மூடி வெச்சிருக்குது. போய் உக்காரணும்."